‘பெட்டர்’ என்று வந்தால் ஸ்வீட் வாங்கலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆரம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ்.

“எடுத்துக்கங்க சார். பாப்பாவுக்கு ப்ரமோஷன் வந்துருக்கு!”

பாப்பாவை எனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. மூன்று வருடம் முடிந்து நான்காவது ஓடுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து ரயிலில் வந்து இறங்கினால், வீட்டுக்குப் போகும் வழியிலேயே கண் செருகும். அந்தப் பெண்ணுக்கு ப்ரமோஷன் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? நானும் ஒரு மைசூர்பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“மெசேஜ் வந்துருக்கு சார். பாப்பா எனக்கு அனுப்பிட்டுத் தூங்கிட்டா. முழுசா என்ன போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. வீட்டுல கேப்பாங்க.”

படித்தேன். மைசூர்பாக் தொண்டையில் நின்றது.

‘கிவன் தி கரன்ட் ஆர்டர் பொசிஷன், வி ஃபீல் யூ வுட் பி பெட்டர் ஆஃப் எல்ஸ்வேர். கைண்ட்லி மீட் ஹெச்ஆர் ஆன் மண்டே.’

அவர் படித்தது மூன்று வார்த்தைகள். ஆர்டர், பொசிஷன், பெட்டர். பொசிஷன் ஆர்டர் வந்திருக்கிறது, முன்னைவிட பெட்டர் என்று அவராகவே கோத்துக்கொண்டு நேராக ஸ்வீட் கடைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கியம் எழுதப்பட்டிருப்பதே அப்படித்தான். ‘கம்பெனிக்கு இப்போது ஆர்டர் சரியில்லை. நீ வேறு இடத்தில் இருந்தால் உனக்கு நல்லது என்று நினைக்கிறோம். திங்கட்கிழமை வந்து பார்.’ வேலை போகிறது என்ற செய்தியில் ‘வேலை’ என்ற வார்த்தையும் இல்லை, ‘போகிறது’ என்ற வார்த்தையும் இல்லை.

நம் பகுதியில் எத்தனையோ வாரம் எத்தனையோ இங்கிலீஷ் வார்த்தைகளைப் பார்த்துவிட்டோம். இந்த ‘பெட்டர் ஆஃப்’பை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ‘வெல் ஆஃப்’. வசதியாக இருக்கிறவர் என்று அர்த்தம். ‘தே ஆர் வெல் ஆஃப்’ என்றால் கையில் காசு இருக்கிற குடும்பம். இதற்கு அடுத்த படி ‘பெட்டர் ஆஃப்’. முன்பைவிட, அல்லது இன்னொருவரைவிட நல்ல நிலையில் இருப்பது. எதிர்ப்பக்கம் ‘பேட்லி ஆஃப்’, ‘வொர்ஸ் ஆஃப்’. கடைசியில் இருக்கும் ‘ஆஃப்’ ஸ்விட்ச்சை அணைக்கும் ஆஃப் இல்லை. ‘ஒருவரின் நிலைமை’ என்ற பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வால் அது. இதை ‘பெட்டர் ஹாஃப்’போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மனைவியையோ கணவரையோ செல்லமாகச் சொல்வது. ‘ஐ ஆம் பெட்டர் ஆஃப் வித்அவுட் மை பெட்டர் ஹாஃப்’ என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் அன்று சாப்பாடு கிடையாது.

காசு விஷயத்தில் தொடங்கிய வார்த்தை இப்போது எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உடம்பு, நிம்மதி, வேலை, கல்யாணம் எதுவாக இருந்தாலும் ‘பெட்டர் ஆஃப்’ போடலாம். தமிழில் இதற்குச் சரியான ஜோடி என்ன என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ‘தேவலை’. ‘காய்ச்சல் இப்ப தேவலையா?’, ‘அந்த மாப்பிள்ளைக்கு இவன் தேவலை’, ‘பஸ்ஸுக்கு நிக்கறதுக்கு நடந்தே போயிருந்தா தேவலை’. ஒன்றை இன்னொன்றோடு எடைபோட்டுப் பார்த்து, தட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சொல்லும் வார்த்தை. நல்லது என்று அடித்துச் சொல்வதில்லை. இன்னொன்றுக்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான். ‘பெட்டர் ஆஃப்’பும் அப்படியே. படுமோசத்திலிருந்து மோசத்துக்கு வந்தவரும் ‘பெட்டர் ஆஃப்’தான். ‘பெட்டர்’ என்று இருப்பதாலேயே ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை ஸ்வீட் பாக்ஸ் விஷயத்தில் பார்த்துவிட்டோம்.

இந்த வார்த்தையை வைத்து ஒரு நாட்டின் தேர்தலையே சூடாக்கியவர் ரொனால்ட் ரீகன். 1980 அக்டோபர் 28. அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கிறது. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரோடு டிவி விவாதம். முடிக்கும்போது ரீகன் மக்களைப் பார்த்துக் கேட்டார்: ‘ஆர் யூ பெட்டர் ஆஃப் தேன் யூ வேர் ஃபோர் இயர்ஸ் அகோ?’ நான்கு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? அங்கே விலைவாசி கடுமையாக ஏறியிருந்த நேரம். நவம்பர் 4 தேர்தலில் 50 மாநிலங்களில் 44 ரீகன் பக்கம் போயின. ஒரே ஒரு கேள்வியால்தான் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் எல்லா ஊர் அரசியல்வாதிகளும் அந்தக் கேள்வியைக் கடன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் ‘வுட்’ இல்லை, ‘இஃப்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். நேற்று இருந்த நீங்கள், இன்று இருக்கும் நீங்கள். இரண்டுமே நிஜம். பர்ஸைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். நம் ஆட்டோக்காரர் மகளுக்கு வந்த மெசேஜில் ‘வுட் பி’ இருக்கிறது. அங்கே ஒரு பக்கம்தான் நிஜம். இன்னொரு பக்கம் கற்பனை. கற்பனையோடு நிஜத்தை எடைபோடும்போது தராசை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இனி ‘இஃப்’ விஷயத்துக்கு வருவோம். மூன்று வாக்கியம் சொல்கிறேன்.

‘இஃப் யூ டேக் தி ட்ரெயின், யூ வில் பி பெட்டர் ஆஃப்.’ ரயிலில் போனால் உனக்கு வசதி. இது நடக்கக்கூடிய விஷயம். ரயில் வரப்போகிறது, நீ ஏறத்தான் போகிறாய். அதனால் ‘வில்’.

‘இஃப் யூ டுக் தி ட்ரெயின், யூ வுட் பி பெட்டர் ஆஃப்.’ தமிழில் இதற்கும் ‘ரயிலில் போனால் உனக்குத் தேவலை’ என்றுதான் சொல்வோம். ஆனால் இங்கிலீஷில் ஒரு படி தள்ளி நிற்கிறார்கள். நீ போவாயா தெரியவில்லை, தினமும் பைக்கில்தானே போகிறாய், ஒருவேளை ரயிலில் போனால். ‘டுக்’ என்று இறந்தகாலம் போட்டிருந்தாலும் நேற்றைய கதை இல்லை. நிஜத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்று காட்டத்தான் அந்த இறந்தகாலம். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதும் இந்த ஜாதிதான். நான் நீயாக ஆகப்போவதே இல்லை.

‘இஃப் யூ ஹேட் டேக்கன் தி ட்ரெயின், யூ வுட் ஹேவ் பீன் பெட்டர் ஆஃப்.’ ரயிலில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிந்துபோன கதை. பைக்கில் போய், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி வரிசையில் மாட்டி, லேட்டாகி, திட்டு வாங்கியாகிவிட்டது. இனி மாற்ற முடியாது.

நம்மில் பலர் தவறு விடும் இடம் மூன்றாவது வாக்கியம். ‘இஃப் யூ வுட் ஹேவ் டேக்கன்’ என்று ‘இஃப்’ பக்கமும் ஒரு ‘வுட்’டைச் சொருகிவிடுகிறோம். காரணம் நம் தமிழ்தான் என்பது என் கட்சி. ‘போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.’ இரண்டு பக்கமும் ‘இரு’ வருகிறது பாருங்கள். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் இரண்டு பக்கம் ஒரே மாதிரி வைக்கத் தோன்றுகிறது. ‘இஃப்’ இருக்கிற பாதியில் ‘வுட்’டை வைக்காதீர்கள். அடுத்த பாதியில் வையுங்கள். இப்போதைக்கு இது போதும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கிலீஷில் ‘இஃப்’ முதலிலேயே வந்து நின்றுகொள்ளும். நமக்கு ‘ஆல்’ வினைச்சொல்லின் வாலில் வரும். போனால், வந்தால், இருந்தால். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. தெலுங்கிலும் வாலில்தான். ‘அக்கட உண்டே பாகுண்டேதி.’ அங்கே இருந்தால் நன்றாக இருக்கும். தமிழிலும் தெலுங்கிலும் வாலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கிலீஷில் தலையைப் பார் என்றால் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும்.

அந்த ‘அக்கட உண்டே’ எங்கள் ஊர் டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆரம்பாக்கம் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா. சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில் எல்லையைத் தாண்டி சூளூர்பேட்டை வரை போகிறது. கொஞ்ச தூரத்தில் ஊர்ப்பலகையின் எழுத்தே மாறிவிடும். அரிசி விலை, பெட்ரோல் விலை, கரன்ட் பில், பென்ஷன், பஸ் டிக்கெட் என்று எதை எடுத்தாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ‘நாம அந்தப் பக்கம் போயிருந்தா தேவலை’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். ‘போயிருந்தா தெரிஞ்சிருக்கும்’ என்று இன்னொருவர் முடிப்பார்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நிஜமாகவே எல்லைக்கோடு இங்கே நகர்ந்திருக்கிறது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது நெல்லூர் மாவட்டம் அதோடு போனது. தடாவும் சூளூர்பேட்டையும் அப்படிப் போனவை. அதன் பிறகும் எல்லைத் தகராறு தீரவில்லை. ம.பொ.சி. திருத்தணிக்காகப் போராடியது பலருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் படாஸ்கர் சொன்ன தீர்வின்படி சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நமக்கு வந்தது. அதற்குப் பதிலாக அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ஆரம்பாக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

சத்தியவேடு பக்கம்தான் இன்றைய ஸ்ரீசிட்டி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ‘சத்தியவேடு நம்மகிட்ட இருந்திருந்தா ஸ்ரீசிட்டியும் நம்முதா இருந்திருக்கும்’ என்று பேசிக்கொள்வார்கள். இங்கிலீஷில் போட்டுப் பார்ப்போம். ‘இஃப் சத்யவேடு ஹேட் ஸ்டேய்டு வித் அஸ், வி வுட் ஹேவ் பீன் பெட்டர் ஆஃப்.’ இலக்கணம் சரி. கணக்கு சரியா? சத்தியவேடு இங்கே இருந்திருந்தால் திருத்தணி அங்கே போயிருக்கலாம். அந்த இடம் தமிழ்நாட்டில் இருந்திருந்தால், ஆந்திர அரசு அங்கே தொழில்நகரம் தொடங்கியிருக்காது. அதாவது ஸ்ரீசிட்டியே இருந்திருக்காது. ‘இஃப்’ என்று ஒன்றை மாற்றும்போது மற்றதெல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். டீக்கடையில் அதனால் நஷ்டமில்லை, டீ ஆறிப்போகும், அவ்வளவுதான். ஒருவரின் வேலையில் அதைச் செய்தால் நஷ்டம் உண்டு.

மெசேஜுக்கே திரும்புவோம். ‘வி ஃபீல் யூ வுட் பி பெட்டர் ஆஃப் எல்ஸ்வேர்.’ இதில் ‘வுட்’ இருக்கிறது. அப்படியானால் ‘இஃப்’ எங்கே? ‘எல்ஸ்வேர்’ என்ற வார்த்தைக்குள் ஒளிந்திருக்கிறது. ‘நீ வேறு இடத்தில் இருந்தால்.’ அந்த வேறு இடம் எது? அங்கே வேலை தயாராக இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு? மெசேஜில் ஒன்றும் இல்லை. ‘இஃப்’ ஒளிந்திருக்கும் வாக்கியத்தைப் பார்த்தால், அதை வெளியே இழுத்து நிறுத்தி, ‘என்ன நடந்தால்?’ என்று கேளுங்கள். அடுத்தது ‘பெட்டர் ஆஃப் தேன் வாட்?’ எதைவிட? மூன்றாவது ‘பை ஹவ் மச்?’ எவ்வளவு? இங்கிலீஷில் ‘பெட்டர் ஆஃப்’புக்கு அளவும் போடலாம். ‘ஐ ஆம் பெட்டர் ஆஃப் பை டூ தௌசண்ட் ருபீஸ்’ என்றால் இரண்டாயிரம் ரூபாய் அதிகம் மிச்சமாகிறது. அளவு கேட்டால் பல ‘பெட்டர் ஆஃப்’கள் வாயடைத்துப் போய்விடும்.

வீட்டிலும் இதைத்தான் செய்கிறோம். ‘உங்க அக்காவா இருந்தா இந்நேரம் பாஸ் பண்ணியிருப்பா.’ இங்கிலீஷில் ‘யுவர் சிஸ்டர் வுட் ஹேவ் டன் பெட்டர்.’ இதிலும் ‘இஃப்’ வெளியே தெரியாது. ‘உன் இடத்தில் அக்கா இருந்திருந்தால்’ என்பதை அம்மா சொல்லாமலே பிள்ளை புரிந்துகொள்கிறது. அக்காவுக்கு அதே கேள்வித்தாளா, அதே காய்ச்சலா என்று யாரும் கேட்பதில்லை. இருவரை ஒப்பிட்டுக் கௌரவமாகச் சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. ‘ஷீ வுட் மேனேஜ் பெட்டர் தேன் ஐ வுட்.’ என்னைவிட அவள் நன்றாகச் சமாளிப்பாள். கடைசியில் வரும் அந்த இரண்டாவது ‘வுட்’டை விட்டுவிடாதீர்கள். இருவரையும் ஒரே கற்பனைக்குள் நிறுத்துவது அதுதான். அவளும் அந்த இடத்தில், நானும் அதே இடத்தில்.

‘ஃபேர்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் பயன்படுத்துவார்கள். ‘ஹவ் வுட் ஹி ஃபேர் தேர்?’ அங்கே அவன் எப்படிச் சமாளிப்பான்? பஸ் டிக்கெட்டின் ‘ஃபேர்’ வேறு என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே வேர். பழைய இங்கிலீஷில் ‘ஃபேர்’ என்றால் பயணம் போவது. ‘ஃபேர்வெல்’ என்றால் நல்லபடியாகப் போய் வா. நாம் மட்டும் என்ன, ‘பொழப்பு எப்படிப் போவுது?’ என்றுதானே விசாரிக்கிறோம்!

ஒரு எச்சரிக்கை. ‘யூ'ட் பெட்டர்’ என்று பேச்சில் வரும். அது ‘யூ ஹேட் பெட்டர்’. ‘யூ'ட் பெட்டர் கோ’ என்றால் ‘மரியாதையா கிளம்பிடு, இல்லாட்டி...’ என்கிற தொனி. ‘யூ'ட் பி பெட்டர் ஆஃப் கோயிங்’ என்றால் ‘போனால் உனக்கு நல்லது’ என்ற யோசனை. காதில் இரண்டும் ஒன்று போலவே விழும். ‘பி’யும் ‘ஆஃப்’பும் இருக்கிறதா பாருங்கள். மேலதிகாரியிடம் ‘யூ'ட் பெட்டர்’ வேண்டவே வேண்டாம்.

துக்க வீட்டில் ‘ஹி இஸ் பெட்டர் ஆஃப் நவ்’ என்றும் சொல்லாதீர்கள். ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தவர் போனபோது ‘போய்ச் சேர்ந்ததே தேவலை’ என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை அந்த வீட்டுக்காரர்கள் சொல்லலாம். வந்தவர்கள் சொல்லக்கூடாது.

சரி, அந்தச் சனிக்கிழமை. ஆட்டோக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சுற்றி வளைத்துச் சொன்னால் மெசேஜ் எழுதியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? “அண்ணே, இது ப்ரமோஷன் இல்ல. வேற வேலை பாத்துக்கங்கன்னு சொல்றாங்க” என்றேன். அவர் போனை வாங்கி மறுபடி அந்த வரியைப் பார்த்தார். “பெட்டர்னு போட்டுருக்கே சார்?” என்று ஒரு தடவைதான் கேட்டார். பிறகு ஸ்வீட் பாக்ஸை மூடி, மேலே ரப்பர் பேண்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, பளிச்சென்று இருந்தாள். அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

“எனக்கு அப்பவே தெரியும் சார். அப்பாகிட்ட கேக்கலாம்னு அனுப்புனேன். எழுந்து பாத்தா ஸ்வீட் வாங்கியாந்து பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டாரு. எப்பிடி சார் சொல்றது?”

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. லைனில் அவளோடு இருந்த இரண்டு பெண்களை ஏற்கெனவே கூப்பிட்டு, அச்சடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ‘நீங்களா போனா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லா போடுவோம், யூ வுட் பி பெட்டர் ஆஃப் ரிசைனிங்’ என்று சொன்னார்களாம். பாருங்கள், மறுபடியும் அதே வார்த்தை!

எங்கள் தெருவில் தொழிற்சங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டோம். “தானா எழுதிக் குடுத்துட்டுப் போறதுக்கும் கம்பெனி நிறுத்துறதுக்கும் சட்டத்துல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்மா” என்று ஆரம்பித்தார். ஆள்குறைப்பு என்று கம்பெனியே நிறுத்தினால், ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. பயிற்சியாளராக, அப்ரன்டிஸாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். காண்டிராக்ட்காரர் மூலம் போகிறவர்கள் யாரிடம் கேட்பது என்பது வேறு கணக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், கையெழுத்துப் போடும் முன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

பெரியவர் அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மூன்று வருடம், 45 நாள். நோட்டீஸ் ஒரு மாதம். மொத்தம் இரண்டரை மாதச் சம்பளம். “ரிசைன் பண்ணா நீ இவ்ளோ வொர்ஸ் ஆஃப்” என்றார். அவருக்கும் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்த வார்த்தை அது. உடனே பயன்படுத்திவிட்டார்.

மூவரும் உட்கார்ந்து ஒரு பதில் எழுதினோம். நான் மொழியை மட்டும் பார்த்துக்கொண்டேன். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஐந்தே வரி. ‘தேங்க் யூ ஃபார் யுவர் மெசேஜ். ஐ டூ நாட் விஷ் டு ரிசைன். யூ ஹேவ் செட் தட் ஐ வுட் பி பெட்டர் ஆஃப் எல்ஸ்வேர். ப்ளீஸ் லெட் மீ நோ வேர், அண்ட் ஆன் வாட் டெர்ம்ஸ். இஃப் தி கம்பெனி இண்டென்ட்ஸ் டு எண்ட் மை எம்ப்ளாய்மென்ட், ப்ளீஸ் டெல் மீ ஸோ இன் ரைட்டிங்.’ கடைசி வரியில் ‘இண்டென்டட்’ என்றோ ‘வுட்’ என்றோ போடாமல் ‘இண்டென்ட்ஸ்’ என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது கற்பனை இல்லை. நடக்கப்போகிற விஷயம். நமக்கும் அது தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

“சார், ரொம்ப ஷார்ட்டா இல்ல?” என்றாள்.

“உனக்கு வந்த மெசேஜ் எவ்வளவு பெருசு?” என்றேன். முதல் முறையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை போனாள். அச்சடித்த கடிதத்தை எதிரில் வைத்தார்கள். அவள் தன் கடிதத்தை நீட்டி, நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்து கேட்டாள். உள்ளே போய்ப் பேசினார்கள், வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள். கடைசியில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டு, ‘சொல்லி அனுப்புறோம், இப்ப ஷிஃப்ட்டுக்குப் போங்க’ என்றார்களாம். இதை நான் எழுதும் நாள் வரை அவள் அதே ஷிஃப்ட்டுக்குத்தான் போய் வருகிறாள். கையெழுத்துப் போட்ட இரண்டு பெண்களில் ஒருத்தி ஸ்ரீசிட்டி பக்கம் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தியைப் பற்றிச் செய்தி இல்லை.

இவளுக்கும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. ஆர்டர் இல்லை என்பது நிஜமாகவும் இருக்கலாம். கம்பெனியை மட்டும் திட்டி என்ன பயன் என்றும் தோன்றுகிறது. ஆனால் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லியிருந்தால் ஒரு மனிதர் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்திருக்க மாட்டார். அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நேற்று ராத்திரி அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் ரயில் சத்தம்.

“சார், ஒரு சென்டென்ஸ் சொல்றேன், கரெக்டான்னு பாருங்க. இஃப் தே லெட் மீ கோ, தே வில் ஹேவ் டு பே மீ, அண்ட் ஐ வில் பி பெட்டர் ஆஃப் பை டூ அண்ட் எ ஹாஃப் மன்த்ஸ் பே. இதுல வுட் போடணுமா, வில் போடணுமா?”

“வில்தாம்மா. திருத்த ஒண்ணும் இல்ல” என்று பதில் போட்டேன்.